புதுப்பிப்பு: பக்கத்து மாடியிலிருந்து எடுத்த படம்

போன மாதம் எழுதியிருந்தேனே, முட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டைச் சுற்றுலா வருபவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று. ‘கடல் தெரியும் மாடி’ என்ற விளம்பரப் படத்தின் கீழ்மூலையில் எங்கள் கிணற்றடி. அம்மா ஈரத்தலையோடு துணி பிழிந்துகொண்டிருந்தார். நெற்றியில் ஒட்டிய முடிகூடத் தெரிந்தது.

என்ன ஆச்சு என்று பலர் கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்காரரிடம் நேரிலேயே போனேன். “அண்ணாச்சி, இது எங்க அம்மா” என்று போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் அதுவரை அந்தப் படத்தில் கலங்கரை விளக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். முகம் வாடிவிட்டது. அன்று இரவே விளம்பரத்திலிருந்து படத்தை நீக்கிவிட்டார்.

ஆனால் அதே படம் இன்னொரு முன்பதிவுத் தளத்தில் கிடக்கிறது. புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன நாடு இது. கிணற்றடியில் நிற்கும் ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க அது போதாதா?

அப்புறம், அண்ணாச்சி தன் செலவிலேயே மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓலைத்தட்டி கட்டித் தருகிறேன் என்றிருக்கிறார். அம்மா இப்போதும் வாளியை எடுக்கும் முன் ஒருமுறை மேலே பார்க்கிறார்.