மூன்று கோயிலிலும் டிக்கெட் இல்லை, சுற்றுலாவுக்கு 1,200 ரூபாய் எதற்கு?

கடைமடைக்காரன்
காவிரிக்கரை அண்ணன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிட்டு நோட்டுக்கும் டூருக்கும் அழுபவர்கள் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும், பணம் கேட்கப் பள்ளிக்கு முழு உரிமை உண்டு" என்கிறார். எந்தச் சட்டம் கொடுத்த உரிமை அண்ணே?

என் மகள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். போன வாரம் ரோஸ் கலரில் ஒரு சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், ஒரே நாள், 1,200 ரூபாய். வெட்டிக் கொடுக்க வேண்டிய பகுதியில் பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அனுப்பவில்லை என்று எழுத ஒரு கோடுகூட இல்லை. அந்த மூன்று கோயிலிலும் உள்ளே போக டிக்கெட் கிடையாது. வண்டியும் பள்ளியின் சொந்த வண்டி. அப்புறம் 1,200 எதற்கு?

காவிரிக்கரை
தம்பி, வண்டி தண்ணீரில் ஓடாது. டீசல், டிரைவர் பேட்டா, காலையில் இட்லி, மதியம் சாப்பாடு, கூட வரும் ஆசிரியர்களுக்கான செலவு எல்லாம் யார் கொடுப்பது? நான் ஒரு பள்ளியில் பல வருடம் கணக்குப் பார்த்தவன். வெளியில் நின்று பேசுவது சுலபம்.

கடைமடைக்காரன்
கணக்குப் பார்த்தவர் என்பதால் கணக்காகவே பேசுவோம். எங்கள் ஊரிலிருந்து மூன்று இடமும் பார்த்துத் திரும்ப 250 கிலோமீட்டர் சொச்சம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தாலும் டீசல் 6,000 ரூபாய். பிள்ளைகள் 50 பேர். சாப்பாட்டுக்கு ஆளுக்கு 200 என்றால் 10,000. டிரைவர், பார்க்கிங், ஆசிரியர் சாப்பாடு என்று தாராளமாக இன்னொரு 4,000. ஆக 20,000. வசூல் 60,000. மீதி 40,000 எங்கே அண்ணே? கோயிலில் டிக்கெட்டும் இல்லையே.

மன்னார்குடி அம்மா
டூரை விடுங்கள், நோட்டைப் பற்றிப் பேசுங்கள். என் பையன் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படிக்கிறான். கட்டணம் இல்லை என்றுதான் சேர்த்தோம். ஜூன் மாதம் நோட்டு, புத்தகம், சீருடை என்று ஒரு தொகை கேட்டார்கள். கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்தேன். டைரியில் சிவப்பு மையில் 'பள்ளி நோட்டு மட்டும்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே 80 பக்கம், அதே கோடு, பழுப்பு அட்டையில் பள்ளி முத்திரை மட்டும்தான் கூடுதல். 2023ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தப் பிள்ளைகளின் புத்தகம், சீருடைச் செலவையும் அரசுதான் ஏற்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதைச் சொன்னால் அலுவலகத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

காவிரிக்கரை
அம்மா, நீதிமன்றம் அரசைத்தானே கொடுக்கச் சொன்னது? அரசு அந்தப் பணத்தை எப்போது பள்ளிக்குத் தருகிறது என்று கேட்டீர்களா? கட்டணப் பாக்கியே வருடக்கணக்கில் நிற்கிறது. அதுவரை ஆசிரியர் சம்பளத்தை எதிலிருந்து கொடுப்பது?

மன்னார்குடி அம்மா
அரசு பாக்கி வைத்தால் அரசிடம் கேளுங்கள். என் பையன் கையில் இருக்கும் நோட்டைப் பிடுங்கினால் பாக்கி வந்துவிடுமா?

மாயூரம் வக்கீல்
இரண்டு தரப்பும் அடிப்படையை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009லேயே சட்டம் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் 3 ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கக் கூடாது. அதே ஆண்டு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவும், அறிவித்த கட்டணத்தைத் தவிர நன்கொடை என்றோ வேறு பெயரிலோ வாங்கினால், வாங்கியதைப் போல 10 மடங்கு வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. ஆகவே முதலில் கட்டணம் எது, பொருளுக்கான விலை எது, விரும்பினால் மட்டும் கட்டுவது எது என்று பிரித்துக்கொண்டு பேசுங்கள்.

கடைமடைக்காரன்
வக்கீல் சாருக்கு வணக்கம். பிரிப்பதெல்லாம் அப்புறம் பிரிக்கலாம். பெரிய கோயிலில் டிக்கெட் உண்டா இல்லையா, அதை மட்டும் அண்ணன் சொல்லட்டும்.

காவிரிக்கரை
டிக்கெட் இல்லை என்று யார் மறுத்தது? அரண்மனை, சரஸ்வதி மகால் அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் டிக்கெட் உண்டு.

கடைமடைக்காரன்
சீட்டில் அரண்மனையே இல்லை அண்ணே. மூன்று கோயில்தான் போட்டிருக்கிறது. மூன்றிலும் டிக்கெட் இல்லை. படித்துவிட்டுப் பேசுங்கள்.

அரசுப்பள்ளி வாத்தியார்
எங்கள் பள்ளியில் பாடப்புத்தகம், நோட்டு, 4 செட் சீருடை, பை, காலணி, ஜியோமெட்ரி பாக்ஸ், அட்லஸ் எல்லாம் விலையில்லாமல் கொடுக்கிறோம். பிளஸ் ஒன்னில் சைக்கிள். ஒன்று முதல் ஐந்து வரை காலை உணவும் உண்டு. இதையெல்லாம் விட்டுவிட்டு ஆங்கில மோகத்தில் வேன் ஏற்றி அனுப்புகிறீர்கள். அப்புறம் இங்கே வந்து புலம்புகிறீர்கள். எங்கள் பக்கத்து ஊரில் ஆள் இல்லாமல் ஒரு தொடக்கப் பள்ளி மூடும் நிலைக்கு வந்ததே, அன்றைக்கு இந்தக் கோபம் எங்கே போனது?

மன்னார்குடி அம்மா
வாத்தியார் ஐயா, உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறான்?

அரசுப்பள்ளி வாத்தியார்
அது இங்கே தேவையில்லாத கேள்வி.

மன்னார்குடி அம்மா
தேவையான கேள்விதான். எங்களுக்குப் புத்தி சொல்ல வந்தவர் நீங்கள். பதில் சொல்லுங்கள்.

கடைமடைக்காரன்
ஐயா, மோகத்தில் சேர்க்கவில்லை. எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் இரண்டு வகுப்பைச் சேர்த்து ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறியதைப் பார்த்துத்தான் மாற்றினேன். பணம் இருந்து மாற்றவில்லை. பள்ளி திறக்கும் ஜூனில்தான் மேட்டூரும் திறக்கும். விதை நெல், உழவுக்கூலி, நாற்றங்கால் எல்லாம் அந்த மாதத்திலேயே வரும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் முதல் பருவக் கட்டணத்துக்குக் கெடு முடிந்துவிடும். இப்போது ஐப்பசி. வயலில் முழங்கால் தண்ணீர். சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக்கிடந்து, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பாமல் இருந்தால் மாசியில் கையில் காசு வரும். டூரை மாசியில் வைத்தால் யாரும் முணுமுணுக்க மாட்டோம். மழைக்காலத்தில் கோயில் பார்க்க அழைத்துப் போகிறார்கள், அதுவும் டிக்கெட் இல்லாத கோயிலுக்கு.

கொள்ளிடம் தெற்கு
ஒரு திருத்தம். பலர் இதை டெல்டா சுற்றுலா என்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரம் கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டம். அது டெல்டாவே இல்லை.

குடந்தைக்காரன்
தொடங்கிவிட்டார். ராசேந்திர சோழன் உங்களிடம் எல்லை கேட்டுத்தான் தலைநகர் கட்ட வேண்டுமா? சோழர் பெருங்கோயில் என்று யுனெஸ்கோ மூன்றையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது. 1987ல் தஞ்சை, 2004ல் மற்ற இரண்டும்.

கொள்ளிடம் தெற்கு
யுனெஸ்கோ கோயிலைத்தான் சேர்த்தது, பாசனத்தை அல்ல. அங்கே சோழகங்கம் ஏரிப் பாசனம். காவிரி வாய்க்கால் எது என்று காட்டுங்கள் பார்க்கலாம்.

காவிரிக்கரை
கடைமடைத் தம்பி பாதுகாப்பை மறந்துவிட்டார். 50 பிள்ளைகளை வெளியூர் கூட்டிப் போவது விளையாட்டா? 2004ல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மண் இது. பாதுகாப்புக்குச் செலவு ஆகும்.

குடந்தைக்காரன்
அண்ணே, அதை இங்கே இழுக்காதீர்கள். ஜூலை 16 வந்தால் இன்னும் எங்கள் தெருவில் விளக்கேற்றுகிறோம். கீற்றுக் கொட்டகைக்குக் கீழே பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்ததால் வந்தது அது. டூர் பணத்துக்குச் சமாதானம் சொல்ல அந்தப் பிள்ளைகளின் பெயரை எடுக்க உங்களுக்கு உரிமை இல்லை.

காவிரிக்கரை
நான் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. புரிந்துகொள்ளத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது? சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒன்று. சிபிஎஸ்இ 2017 ஏப்ரலில் பள்ளிகள் புத்தகம், சீருடை விற்கக் கூடாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர்களே என்சிஇஆர்டி புத்தகத்தையும் எழுதுபொருளையும் பள்ளியில் விற்க அனுமதித்தார்கள். வாரியமே மாறி மாறிப் பேசும்போது பள்ளியை மட்டும் திட்டுவதா?

மாயூரம் வக்கீல்
அது சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு. இவர்கள் பேசுவது மெட்ரிக். நான் முதலிலேயே பிரித்துக்கொள்ளச் சொன்னேன்.

கடைமடைக்காரன்
விற்க அனுமதி என்றால் விற்கட்டும். வேண்டும் என்பவர்கள் வாங்கட்டும். கடையில் வாங்கிய நோட்டைத் திருப்பி அனுப்பவும் அனுமதி கொடுத்தார்களா? டூருக்கும் அதேதான். போன வருடம் பணம் கட்டாத ஆறு பிள்ளைகளை அன்றைக்கு நாலாம் வகுப்பு அறையில் உட்கார வைத்துப் பாடம் எழுதச் சொன்னார்கள். மறுநாள் தமிழ் வகுப்பில் கோயில் பார்த்த அனுபவத்தைக் கட்டுரையாக எழுதி மதிப்பெண் வாங்க வேண்டும். என் மகள் பார்க்காத கோயிலைப் பார்த்ததாக எழுதினாள். விரும்பினால் வரலாம் என்று இவர்கள் சொல்வதெல்லாம் இதுதான். அண்ணன் இன்னும் 40,000த்துக்குப் பதில் சொல்லவில்லை.

காவிரிக்கரை
போன வருடம் வேன் கட்டண விவாதத்திலும் இப்படித்தான் ஆதாரம் இல்லாமல் பேசினீர்கள். அன்றைக்கு என்னைப் 'பள்ளிக்காரர்களின் ஆள்' என்று எழுதினீர்கள். அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள், பிறகு கணக்குப் பேசலாம்.

கடைமடைக்காரன்
சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ரோஸ் சீட்டின் படத்தை இங்கேயே போடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த எந்தப் பள்ளியாவது டூர் முடிந்ததும் பெற்றோருக்குச் செலவுக் கணக்கு கொடுத்த ஒரு தாளைப் போடுங்கள்.

மன்னார்குடி அம்மா
வாத்தியார் ஐயா, நான் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

கொள்ளிடம் தெற்கு
குடந்தைக்காரரும் வாய்க்கால் பெயரை இன்னும் சொல்லவில்லை.

குடந்தைக்காரன்
கொள்ளிடத்து அணைக்கரை வரைக்கும் வந்து பாருங்கள், பாலத்தில் நின்று பேசிக்கொள்வோம்.