கடலோர வெயிலில் காலிஃப்ளவர்: நிழல் இல்லாத தோட்டத்தில் பூ பிடிக்குமா?

கேள்வி – தாழங்குடா வாசகர்

அனைவருக்கும் வணக்கம். கடலூரை அடுத்த தாழங்குடாவில், வீட்டுக்குப் பின்னால் 5 சென்ட் நிலத்தில் காய்கறி பயிரிட்டு வருகிறோம். கடல் நடந்து போகும் தூரம்தான். ஒரு மரத்தின் நிழலும் இல்லாததால் விடிந்தது முதல் மாலை வரை வெயில் நிலத்தை விட்டு அகலாது. மண் மணற்பாங்கானது. கத்தரியும் வெண்டையும் கொத்தவரையும் நன்றாகவே காய்க்கின்றன. இந்த ஆண்டு குளிர் பருவத்தில் காலிஃப்ளவர் பயிரிட விரும்புகிறேன். ஆனால், நிழல்வலை கட்டினால் ஒழிய இங்கு அது வராது என்று நாற்று விற்பவர்கள் சொல்கிறார்கள். வலை கட்டினாலோ மழைக்காலக் காற்றுக்கு அது நிற்காது. நிழல்வலை உண்மையிலேயே தேவையா, எப்போது விதைக்க வேண்டும், காற்றை எப்படிச் சமாளிப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் – பண்ருட்டி விவசாயி

வணக்கம் ஐயா. முதலில் வெயிலைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். காலிஃப்ளவருக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். அது குறைந்தால் இலைக்காம்புகள் நீண்டு செடி மெலியும், பூவும் சிறுத்துப் போகும். நட்ட முதல் ஐந்தாறு நாட்களுக்கு மட்டும் ஒவ்வொரு நாற்றுக்கும் மேற்குப் பக்கத்தில் ஒரு துண்டுத் தென்னங்கீற்றைச் சாய்வாக ஊன்றிப் பிற்பகல் வெயிலை மறைத்தால் போதும். நிழல்வலைக்குச் செலவிட வேண்டாம்.

பூ பிடிப்பது வெப்பநிலையையும் அதற்கேற்ற ரகத்தையும் பொறுத்தது. மலைப்பகுதிகளிலும் வட இந்தியக் குளிர்காலத்திலும் விளையும் ஸ்னோபால் வகைகள் பூ வைக்க 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் குளிர் தேவை. நம் கடற்கரையில் ஜனவரி மாத இரவுகள்கூட ஏறத்தாழ 20 டிகிரியில்தான் நிற்கின்றன. அத்தகைய விதையை இங்கே போட்டால் செடி மாதக்கணக்கில் இலையை மட்டுமே விட்டுக்கொண்டிருக்கும். ஆனால் பூசா மேக்னா, பூசா கார்த்திக் சங்கர், பூசா தீபாலி போன்ற முன்பருவ ரகங்கள் 20 முதல் 27 டிகிரி வரையிலான வெப்பநிலையிலேயே பூ வைக்கக்கூடியவை. இவை கிடைக்காவிட்டால், வெப்பப் பகுதிகளுக்கு ஏற்ற குறுகிய கால வீரிய ஒட்டு ரகம் எதையாவது கேட்டு வாங்குங்கள். ரகப் பெயர் அச்சிடப்படாத விதைப் பொட்டலத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். இந்தப் பயிரில் பாதி வெற்றி அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

அடுத்தது காலக்கணக்கு. நவம்பர் முதல் வாரத்தில், மழை நேராக விழாத கூரையின் கீழ், குழித்தட்டுகளில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து விதையுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் நாற்று 25 நாள் வயதை எட்டியிருக்கும். அப்போது நட்டால் ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் பூவை அறுக்கலாம். இதற்கு மேல் தாமதித்தால் மாசி, பங்குனி வெயிலில் பூ திரளும். அப்போது பூவின் மேற்பரப்பு அரிசி தூவியதுபோல் பிரிந்து நிற்கும், இடையிடையே சிறு இலைகளும் எட்டிப் பார்க்கும். உண்ணலாம், விற்க முடியாது.

மழைதான் நமக்குப் பெரிய இடர். 2024-இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தது. 2011-இல் ‘தானே’ புயல் டிசம்பர் 30 அன்று நம் ஊரையே புரட்டிப் போட்டது. ஆகவே டிசம்பரை நம்பி அத்தனை நாற்றையும் ஒரே நாளில் நட வேண்டாம். பத்து நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக விதைத்துக்கொண்டால், புயல் அறிவிப்பு வந்தாலும் ஒரு பகுதி தட்டிலேயே பத்திரமாக இருக்கும். ஆனால் நாற்றைத் தட்டில் ஐந்து வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. வயது முதிர்ந்த நாற்று வேர் நெருக்கடியில் சிக்கி, நட்ட சில வாரங்களிலேயே பொத்தான் அளவில் ஒரு பூவை வைத்துவிட்டு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும்.

பதில் – வில்லியனூர், புதுச்சேரி

மேலே சொன்ன அனைத்தும் சரி. காற்றைப் பற்றி நான் சொல்கிறேன்.

உங்கள் பயிர்க்காலம் முழுவதும் வீசப்போவது வாடைக்காற்று, அதாவது வடகிழக்கிலிருந்து வருவது. அதே மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், நிலத்தின் வடக்கு ஓரத்தில் நிறுத்தும் தடுப்பின் நிழல் பயிர்மீது விழாமல் வெளிப்புறமாகவே விழும். காற்றையும் தடுக்கலாம், வெயிலையும் இழக்க வேண்டியதில்லை. கிழக்கு ஓரத்தில் மட்டும் தடுப்பைச் சற்றுத் தாழ்வாக வையுங்கள்.

காற்றை முழுவதும் அடைக்கும் சுவரோ தகரமோ வேண்டாம். அதில் மோதும் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழுந்து செடிகளை இன்னும் மோசமாக அலைக்கழிக்கும். பாதிக் காற்றை உள்ளே விடும் இடைவெளியுள்ள கீற்றுத் தட்டியோ, ஆவணியிலேயே நெருக்கமாக விதைத்த அகத்தி வரிசையோ சிறந்தது. இத்தகைய தடுப்பு தன் உயரத்தைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைத் தணிக்கும். 5 சென்ட் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 14 மீட்டர் வரும் என்பதால், ஒன்றரை மீட்டர் உயரத் தடுப்பே உங்களுக்குப் போதும்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். நட்ட இரண்டாம், மூன்றாம் வாரத்தில் காற்று செடியை ஆட்டி ஆட்டி, தண்டைச் சுற்றி மண்ணில் புனல்போல் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மழை பெய்தால் அதில் நீர் தேங்கித் தண்டு அழுகும். பெய்யாவிட்டால் அதன் வழியே வேர் காயும். நடும்போதே முதல் இலைகளின் அடிவரை ஆழமாக நட்டு, அந்தப் பள்ளம் தெரிந்தவுடன் கையால் மண்ணை அழுத்தி, மூன்றாம் வாரத்தில் நன்றாக மண் அணைத்துவிடுங்கள்.

பதில் – நெல்லிக்குப்பம்

மணற்பாங்கான மண்ணில் காலிஃப்ளவர் கேட்பது இரண்டு: விடாத ஈரம், விடாத ஊட்டம். இரண்டில் எது தடைப்பட்டாலும் செடி பூவைச் சுருக்கிக்கொள்ளும். 5 சென்ட்டுக்கு அரை டன் மட்கிய தொழு உரம் இட்டுக் கொத்திவிடுங்கள். மணலில் தழைச்சத்து நீரோடு இறங்கிவிடும் என்பதால் மேலுரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று, நான்கு தவணையாகப் பிரித்துக் கொடுங்கள். எங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் கரும்புச் சோகையை இரண்டு, மூன்று அங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டால் மணல் சூடேறாது, ஈரமும் நிற்கும்.

போரான் சத்தை மறக்காதீர்கள். மழையில் கரைந்துபோன மணலில் அது குறைவாகவே இருக்கும். குறைந்தால் தண்டு உள்ளீடற்றுப் போகும், பூவில் பழுப்புத் திட்டுகள் தோன்றும். 5 சென்ட்டுக்கு 200 கிராம் போராக்ஸைக் காய்ந்த மணலுடன் கலந்து, நடவுக்கு முன் சீராகத் தூவினால் போதும். அளவு மீறினால் அதுவே நஞ்சாகிவிடும். கடலருகே இருப்பதால் கிணற்று நீரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். உப்பேறிய நீரில் இந்தப் பயிர் தழைக்காது.

மறுகேள்வி – தாழங்குடா வாசகர்

அனைவருக்கும் மிக்க நன்றி. நிழல்வலை எண்ணத்தைக் கைவிட்டு, வடக்கு ஓரத்தில் கீற்றுத் தட்டி கட்டப்போகிறேன். பூ திரளத் தொடங்கிய பிறகு வெயிலில் மஞ்சளாகிவிடும் என்கிறார்களே, அதற்கும் புழுவுக்கும் என்ன செய்வது?

பதில் – பண்ருட்டி விவசாயி

பூ கோழிமுட்டை அளவுக்கு வந்ததும் மறைக்கத் தொடங்குங்கள். செடியின் பெரிய இலைகள் இரண்டு, மூன்றை நடு நரம்பில் இலேசாக ஒடித்துப் பூவின்மேல் கவிழ்த்தாலே போதும். காற்று விலக்கிவிடும் இடமாக இருந்தால் இலை நுனிகளைச் சேர்த்து வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். பனி உலர்ந்த பிறகே கட்ட வேண்டும், ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பூ அழுகும். நம் வெப்பத்தில் பூ விரைவாகப் பெருக்கும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழுதான் முக்கியமான தொல்லை. நடவுக்குப் பதினைந்து நாள் முன்பே ஓரங்களில் கடுகு விதைத்தால் பூச்சி பெரும்பாலும் அங்கேயே முட்டையிடும். பயிரில் புழு தென்பட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலையோ, பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா மருந்தையோ மாலையில் தெளியுங்கள், பகல் வெயில் அவற்றின் வீரியத்தைக் குறைத்துவிடும். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், புழு அங்குதான் இருக்கும். பூவின் விளிம்பு சற்றே நெகிழத் தொடங்கும் முன், அதிகாலையில், சுற்றியுள்ள மூன்று, நான்கு இலைகளோடு சேர்த்து அறுத்து எடுங்கள்.