பிக் பிளான் இறக்கம்: 180 டிஸ்க் போதுமா?

கேள்வி: பிரான்சின் ஆல்ப் துவே, பிக் பிளான் உச்சியிலிருந்து (3,330 மீ.) அல்மோன் வரை, மெகாவலாஞ்ச் என்ற மலைச் சைக்கிள் போட்டியின் பாதையில் இறங்கத் திட்டம். 160 மி.மீ. சஸ்பென்ஷன் (அதிர்வுதாங்கி) உள்ள சைக்கிள், பின்னால் 180 மி.மீ. பிரேக் டிஸ்க். போதுமா?

பதில்: போதாது. ஏறக்குறைய 2,600 மீட்டர் இறக்கம் அது. முன்னாலயும் பின்னாலயும் 203 மி.மீ. டிஸ்க் போடுங்க, மெட்டல் பேடோட (டிஸ்கைக் கவ்வுற கட்டை). புது பேடை அப்படியே மேல கொண்டு போகாதீங்க; கீழயே 20 தடவை வேகம் எடுத்து, சக்கரம் பூட்டாம நடை வேகத்துக்குக் குறைச்சுப் பழக்கணும். பிரேக்கை லேசா பிடிச்சுக்கிட்டே இறங்கினா பிரேக் ஆயில் கொதிச்சு, லீவர் ஹேண்டில்பாரையே தொட்டுடும். வளைவுக்கு முன்னாடி அழுத்திப் பிடிச்சு, விட்டுடணும்.

பதில்: அண்ணன் சொன்னது சரி. டயர் காற்றை உச்சியில சரிபாருங்க. வெளிக்காற்றழுத்தம் குறையறதால கேஜ் 3–4 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) கூட்டிக் காட்டும், குளிர் அதுல பாதிக்கு மேல தின்னுடும். பின்னால தடித்த டயர், உள்ளே ஃபோம் இன்சர்ட் (ரிம்மைக் காக்கும் நுரை வளையம்) போடுங்க. மெல்லிய டயர் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல நசுங்கி ரெண்டு இடத்துல கிழியும், டயருக்குள்ள ஊத்துற சீலன்ட் திரவம் அதை அடைக்காது.

கேள்வி கேட்டவர்: பனியில்?

பதில்: சீட்டை முழுசா இறக்கி, உடம்பைப் பின்னால தள்ளி, ஒரு காலை உரசிக்கிட்டே போங்க. முன் பிரேக்கைத் தொடாதீங்க தம்பி. காலையில இறுகின பனி கண்ணாடி; வெயில் ஏறினா முன்சக்கரம் புதையும்.