சரவணம்பட்டியா, துடியலூரா, வடவள்ளியா? அம்மாவையும் கூட்டிக்கிட்டுக் கோவைக்கு வர்றோம்

தாராபுரத்தான்

எல்லாருக்கும் வணக்கமுங்க. பெங்களூர்ல பதினொரு வருசம் ஓட்டியாச்சு. வர்ற வைகாசியில கோவைக்கே வந்தர்லாம்னு முடிவு பண்ணிட்டோம். வீட்டுல அவங்களுக்குக் கீரணத்தம் ஐடி பார்க்குல வேலை கெடச்சிருக்குது. வாரம் மூணு நாள் போகணும். எனக்கு வீட்டுல இருந்தே வேலை, நெட்டு நின்னா பொழப்பு நின்னுரும், அவ்வளவுதான். பொண்ணு ஆறாவது போறா. பையன் யூகேஜி.

இவங்க போக எங்கம்மா. 71 வயசு. அப்பா தவறுன பொறவு தாராபுரம் பக்கத்துல தோட்டத்துச் சாளையில ஒத்தையில இருக்காங்க. முட்டி தேஞ்சு போச்சு. போன ஐப்பசியில வாசல்ல வழுக்கி உழுந்து, பால் ஊத்த வந்த பையன் பாத்துத் தூக்கி உட்டுருக்கான். எங்களுக்கு மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும். அதான் ஒட்டுக்கா இருந்தரலாம்னு கெளம்பிட்டோம்.

புரோக்கர் மூணு வீடு வீடியோவுல காட்டியிருக்கார். சரவணம்பட்டியில அப்பார்ட்மெண்ட், ஒம்போதாவது மாடி, நீச்சல் குளம், ஜிம் எல்லாம் இருக்குது, வாடகை 24,000. துடியலூர்ல கீழ் வீடு, மேல ஓனரு, 15,000. வடவள்ளியில தனி வீடு, முன்னால ரெண்டு தென்னை, 19,000. எனக்கு மனசு வடவள்ளிப் பக்கம் போகுது, மலை தெரியுதுங்க. அவங்க சரவணம்பட்டிங்கறாங்க. அம்மாகிட்டக் கேட்டா "நீங்க எங்க சொன்னாலும் சரி"ங்கறாங்க. அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

ஒரு ரெண்டு வருசம் இருந்து பாத்துட்டு அந்தப் பக்கமே சைட்டு வாங்கற ரோசனையும் இருக்குது. தண்ணி, பள்ளிக்கூடம், போக்குவரத்து, நேர்ல அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நைட்ஷிப்ட்

சரவணம்பட்டியே புடிங்க ப்ரோ. நான் ரெண்டு வருசம் வடவள்ளியில இருந்து கீரணத்தம் போய்ட்டு வந்தவன். இடையர்பாளையம், கவுண்டம்பாளையம், துடியலூர், வெள்ளக்கிணறு, அப்புறம் சரவணம்பட்டி. ஊரை அரைவட்டம் அடிக்கணும். பைக்குல முக்கா மணி நேரம், கார்ல போனா ஒரு மணி நேரம் தாண்டிரும். காலைல எட்டேகாலுக்கு மேல சத்தி ரோடு சிக்னல்ல மாட்டினீங்கன்னா முன்னால பின்னால எல்லாம் பள்ளிக்கூடத்து மஞ்ச வண்டிதான்.

அவினாசி ரோட்டுல 10 கிலோமீட்டருக்குப் பாலம் தொறந்த பொறவு உப்பிலிபாளையத்துல ஏறுனா கோல்டுவின்ஸ்ல எறங்கறீங்க, ரொம்பச் சௌகரியம். ஆனா உங்க ரூட்டுக்கு அது ஒரு புண்ணியமும் இல்ல. மெட்ரோ வருது, சத்தி ரோடு வெல எங்கயோ போயிரும்னு புரோக்கர் சொல்லுவாரு. 2025 நவம்பர்ல டெல்லிக்காரங்க திட்டத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. அதை நம்பி வாடகையை ஏத்திக் குடுக்காதீங்க.

தண்ணி விசயத்துல நான் ஒண்ணும் பேச மாட்டேன். எங்க அப்பார்ட்மெண்ட்டுல மாசி, பங்குனி வந்தா லாரிதான்.

காங்கயத்து மருமக

தம்பி, உங்க வீட்டுல அவங்க வாரத்துல மூணு நாள் ஆபீஸ் போறாங்க. உங்கம்மா ஏழு நாளும் ராத்திரி பகலா அந்த வீட்டுலதான் இருக்கப் போறாங்க. நீங்க ஆபீசுக்கு எத்தன தூரம்னு மேப்பு போட்டுப் பாக்கறீங்க. வீட்டு வாசப்படிக்கும் பிள்ளையார் கோவிலுக்கும் எத்தன தூரம்னு பாத்தீங்களா?

நாங்க 2014ல காங்கயத்துல இருந்து வந்தோம். வீட்டுக்காரருக்குக் கணபதியில மோட்டார் பம்ப் பட்டறையில வேலை. சத்தி ரோட்டுல ஆறாவது மாடி. நானும் உங்களாட்டத்தான், லிப்டு இருக்குது, வாட்ச்மேன் இருக்கறாரு, அத்தைக்குப் பாதுகாப்புன்னு நெனச்சேன். பத்து மணிக்கு எல்லாரும் கெளம்பிப் போன பொறவு அத்தை வராண்டாவுல வந்து நிப்பாங்க. எட்டு வீடு, எட்டும் சாத்திக் கெடக்கும். பொழுதோட கொழந்தைக வெளையாட வரும். "வா கண்ணு"ன்னு கூப்புட்டா, பேச்சு புரியாம நின்னு பாத்துட்டு ஓடிரும்.

ஒரு நாள் தானா லிப்டுல ஏறி, எந்தப் பட்டனை அமுக்குனாங்களோ, கீழ கார் நிறுத்தற எடத்துக்குப் போயிட்டாங்க. அங்கிருந்து மேல வந்தா நாலு பிளாக்கும் ஒரே மாதிரி. நம்மளது எதுன்னு தெரியல. போன் மேல சார்ஜ்ல கெடக்குது. முக்கா மணி நேரம் வெய்யில்ல சுத்தியிருக்காங்க. இஸ்திரி போடறவரு பாத்து, "பட்டறைக்காரரு அம்மாதானே"ன்னு கூட்டிட்டு வந்து உட்டாரு. சோறு போட்டேன், சாப்புடல. ராத்திரி வீட்டுக்காரர்கிட்ட, "என்னையக் கொண்டுபோய் ஊர்லயே உட்டுரு சாமி, அங்க கண்ணக் கட்டி உட்டாலும் வந்து சேந்துருவேன்"னாங்க. கோவமா சொல்லல. அதான் எனக்குத் தாங்கல.

அதுக்கப்பறம் துடியலூர்ல கீழ் வீடு பாத்தோம். ஜிம்மும் இல்ல, குளமும் இல்ல. ஆனா வாசல்ல ஒரு கல்லு கெடந்துச்சு, உக்கார்ற மாதிரி. ரெண்டாவது நாளே எதுத்த வீட்டம்மா கருவேப்பிலை கேட்டு வந்தாங்க, அப்பறம் அத்தைக்கு நான் தேவைப்படல. கீரைக்காரி, காய் வண்டி, போஸ்ட்மேன், அத்தனை பேர் கதையும் அத்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியாத கல்யாணத்துக்கெல்லாம் பத்திரிக்கை அத்தை பேருக்கு வரும். அவங்க போயி மூணு வருசமாச்சு. காரியத்தன்னைக்கு வந்த கூட்டத்துல பாதிப் பேரை நாங்க அப்பத்தான் பாத்தோம்.

இப்பத் தண்ணிக்கு வர்றேன். இதுவும் அத்தை சொல்லிக் குடுத்ததுதான். வீடு பாக்கப் போனா அத்தை ஒரு பாட்டில் தண்ணி புடிச்சுக்குவாங்க. ஊட்டுக்கு வந்து அதுல ஒரு கை தொவரம்பருப்பு போடுவாங்க, குக்கர் இல்லாம, சட்டியில. நல்ல தண்ணின்னா பருப்பு மலந்து கொழஞ்சுரும். உப்புத் தண்ணியில எத்தன நேரம் அடுப்பு எரிஞ்சாலும் முழிச்சுக்கிட்டுக் கெடக்கும். ஓனரு "போர்த் தண்ணி தேனாட்டம் இருக்கும்"பாரு. பருப்பு பொய் சொல்லாது. அவ்வளவு பொறுமை இல்லீன்னா பாத்ரூம் பைப்பு வாயப் பாருங்க, சுத்தி வெள்ளையாப் பூத்துப் போயிருக்கும். புது பைப்பு மாட்டியிருந்தா இன்னும் உசாராயிக்குங்க.

கோவைன்னாலே சிறுவாணின்னு நெனச்சுட்டு வர்றாங்க எல்லாரும். சிறுவாணி அணை கேரளத்துக்குள்ள இருக்குது, அந்தத் தண்ணி ஊரு முச்சூடும் வர்றதில்ல. வடக்கால இருக்கற நம்ம பக்கத்துக்கெல்லாம் பில்லூர்த் தண்ணி. பவானி ஆத்துத் தண்ணிதான், நல்லாத்தான் இருக்கும். குறிச்சி, குனியமுத்தூருக்கு ஆழியாறு. பில்லூர் மூணாவது திட்டம் 2024ல தொறந்தாங்க. அதனால எந்தத் தண்ணிங்கறதை விட, எத்தன நாளைக்கு ஒருக்கா, எத்தன மணி நேரம், அதுதான் கேள்வி. அதை ஓனர்கிட்டக் கேக்காதீங்க, புரோக்கர்கிட்டக் கேக்கவே கேக்காதீங்க. நாலு வீடு தள்ளி வாசல் தெளிக்கற அம்மாகிட்டக் கேளுங்க. கூடவே சம்ப் எத்தனை லிட்டர், மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் ஒரே மோட்டாரான்னும் கேட்டுக்குங்க. அந்த ஒரே மோட்டாராலதான் இந்த ஊர்ல பாதிச் சண்டை.

பள்ளிக்கூடம் எல்லாப் பக்கமும் இருக்குது. வேன் எத்தன மணிக்கு வருதுன்னு மட்டும் பாருங்க. எங்க பெரியவன் ஏழு மணிக்கே வேன் ஏறுனவன், இட்லி டப்பாவுலதான் போகும். ஆனா பாப்பா பெங்களூர்ல கன்னடம் படிச்சிருந்தா இப்பவே தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் குடுங்க. இங்க 2006ல போட்ட சட்டப்படி பத்தாவது வரைக்கும் தமிழ் கட்டாயம். ஆறாவதுல அ, ஆ எழுதற புள்ளைய வகுப்புல சிரிப்பாங்க. அந்த வேலையை உங்கம்மாகிட்டக் குடுங்க, அவங்களுக்கும் பொழுது போகும்.

வடவள்ளியக் கொறை சொல்ல மாட்டேன். உழவர் சந்தை இருக்குது, மருதமலைக்கு 70ம் நம்பர் பஸ்சு காந்திபுரத்துல இருந்தே வருது, ஆடி மாசச் சாரல்ல அந்தப் பக்கம் போனா ஊட்டி மாதிரிதான். தனி வீடுங்கறீங்க, அது வீதிக்குள்ள இருக்குதா, இல்ல சைட்டு சைட்டாக் காலியாக் கெடக்கற எடத்துல தனியா நிக்குதா? ரெண்டு தென்னை மரம் உங்கம்மாவோட பேசாது தம்பி.

ஓய்வு சர்வேயர்

அந்தம்மா சொன்னது சரி. நான் சைட்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

மலை தெரிகிற இடத்தில் வாங்குவதானால் மலையில் இருப்பவர்களும் வருவார்கள். பாரதியார் பல்கலைக்கழகத்துப் பக்கம், தடாகம் ரோட்டில் சோமையனூர்ப் பக்கமெல்லாம் யானை வருவது செய்தியே இல்லை. பலாப்பழம் பழுத்தால் வாசலுக்கே வரும். மலையடிவார கிராமங்கள் பல 'ஹாக்கா' எனும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகின்றன. அங்கே மனைப்பிரிவுக்கு ஊரமைப்பு அனுமதி மட்டும் போதாது, அந்தக் குழுமத்தின் அனுமதியும் வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குதுங்க" என்று சொன்னால் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு நிற்காமல் கிராம வரைபடத்தை வாங்கிப் பள்ளம், வாய்க்கால் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். சங்கனூர்ப் பள்ளம் வருஷத்தில் பதினொரு மாதம் சாக்கடை மாதிரி இருக்கும். ஒரு நாள் மேற்கே மலையில் கொட்டினால் அது யார் என்று காட்டும். நான் சர்வீஸில் இருந்தபோது, வீடு கட்டி முடித்துக் கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு வந்து எல்லைக்கல் காட்டச் சொன்னார் ஒருவர். கல் அவர் பூஜை அறைக்குள் இருந்தது. அந்தப் பக்கம் ஓடைப் புறம்போக்கு.

தெற்கே விலை குறைவு என்று யாராவது வெள்ளலூர் சுற்றுப்பக்கம் கூட்டிப்போனால் காலையில் பார்க்காதீர்கள். மாலை ஆறரைக்கு மேல் காற்று திரும்பிய பிறகு போய் நில்லுங்கள். 650 ஏக்கர் குப்பைக் கிடங்கு அங்கே இருக்கிறது. மூக்கே விலையைச் சொல்லிவிடும்.

2011ல் மாநகராட்சியை 72 வார்டிலிருந்து 100 ஆக்கினார்கள். நீங்கள் கேட்கிற மூன்று ஊரும் அப்போது சேர்ந்தவைதான். அதனால் "இது மாநகராட்சி எல்லை சார்" என்று விலையேற்றிச் சொன்னால் மயங்க வேண்டாம். பேர் சேர்ந்த வேகத்தில் சாக்கடைக் குழாய் சேரவில்லை.

தாராபுரத்தான்

எல்லாருக்கும் நன்றிங்க. அக்கா எழுதுனதை அப்படியே வீட்டுல படிச்சுக் காட்டுனேன். லிப்டு கதை வந்தப்ப அவங்களே "சரவணம்பட்டி வேண்டாம், நான் வெள்ளக்கிணறு வழியா ஸ்கூட்டியில போயிக்கறேன்"ட்டாங்க. அம்மாவுக்கும் போன்ல சொன்னேன். அந்தப் பருப்பு விசயத்துக்கு மட்டும், "இதுகூட உனக்குத் தெரியாதா, நம்ம கெணத்துத் தண்ணியில வெந்த பருப்பைத்தான நீ தின்னு வளந்த"ன்னு ஒரு திட்டு.

சனிக்கெழமை துடியலூர் வீட்டப் பாக்க வர்றோம், அம்மாவையும் கூட்டிக்கிட்டு. ஓனர் அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் கேக்கறாரு. கொறைச்சுக் கேக்கலாங்களா?

காங்கயத்து மருமக

பத்து மாச வாடகையாத் தம்பி? தாராளமாக் கொறைச்சுக் கேளுங்க. ஒரு லட்சத்துல ஆரம்பிங்க. வைகாசி, ஆனியில பள்ளிக்கூடம் தொறக்கற சமயம், ஆளுக தேடிட்டே இருப்பாங்க, அதனால கொஞ்சம் முறுக்கிக்குவாரு. ஆடி பொறந்துட்டா யாரும் குடி போக மாட்டாங்க, அது அவருக்கும் தெரியும். ஆனிக் கடைசி வாரம் வரைக்கும் பூட்டிக் கெடந்தா அவரே கூப்புடுவாரு. ஆனா உங்களுக்குப் புள்ளைக பள்ளிக்கூடம் இருக்குது, அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. ஒண்ணே காலுக்கு முடிஞ்சாப் பால் காச்சிருங்க.

படிக்கட்டு எத்தனைன்னு வீடியோவுல தெரிஞ்சிருக்காது. கீழ் வீடுன்னாலும் மழைத்தண்ணி ஏறக்கூடாதுன்னு தரையத் தூக்கிக் கட்டியிருப்பாங்க, எங்க வீதியில சில வீட்டுக்கு அஞ்சு படி. அம்மாவ ஒரு தரம் ஏறி எறங்கச் சொல்லிப் பாருங்க. புடிச்சுக்கக் கம்பி இல்லீன்னா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாலயே மாட்டித் தரச் சொல்லுங்க, குடுத்த பொறவு அவரு வெல்டரைக் கூப்புட மாட்டாரு.