ஜேசிஎல் பிழைகளை ஐஎஸ்பிஎஃப் எடிட்டரிலேயே கண்டறிய வழி உண்டா?

கேள்வி (சரவணம்பட்டி)

வணக்கம். கோவையில் ஒரு மெயின்ஃப்ரேம் (பெரு நிறுவனங்களின் பெரிய கணினி) குழுவில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. நேற்றிரவு நான் சப்மிட் செய்த ஜாப் (கணினிக்குத் தரும் பணி), முதல் ஸ்டெப்பைக்கூடத் தொடங்காமல் ஜேசிஎல் எர்ரர் என்று நின்றுவிட்டது; ஜாபை எப்படி ஓட்ட வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் மொழிதான் ஜேசிஎல். தொடர்ச்சி வரி வரவில்லை என்ற பொருளில் ஐஇஎஃப்சி621ஐ என்ற செய்தி வந்தது. ஆனால் முந்தைய வரியின் முடிவில் காற்புள்ளி சரியாகவே இருந்தது. ஜேசிஎல் சரிபார்க்கும் தனி மென்பொருள் எங்களிடம் இல்லை. ஜேசிஎல்லை எழுதித் திருத்தும் ஐஎஸ்பிஎஃப் எடிட்டரில் இருக்கும்போதே இத்தகைய பிழைகளைப் பிடிக்க முடியுமா?

பதில் (பெருந்துறை)

அடுத்த வரி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். தொடர்ச்சி வரியில் // குறிக்குப் பின் 4 முதல் 16-ஆம் இடத்திற்குள் பாராமீட்டர் தொடங்க வேண்டும். அதைத் தாண்டினால் சிஸ்டம் அதைத் தொடர்ச்சியாக ஏற்பதில்லை. கண்ணால் எண்ண வேண்டாம். வரி எண் பகுதியில் சி, ஓ, எல், எஸ் என்று அடித்தால் அளவுகோல் தோன்றும். பாராமீட்டர்கள் 71-ஆம் இடத்தைத் தாண்டிவிட்டனவா என்பதும் அதிலேயே தெரியும்.

பிறகு ஜாப் கார்டில் (ஜேசிஎல்லின் தொடக்கத்தில் ஜாபின் பெயரைத் தரும் வரி) டைப்ரன்=ஸ்கேன் சேர்த்து, எடிட்டரின் கட்டளை வரியில் சப்மிட் கொடுங்கள். எந்த ஸ்டெப்பும் ஓடாது. தவறான சொற்களும் மூடாத அடைப்புக்குறிகளும், நீங்கள் அழைக்கும் ப்ராக்கின் (முன்பே எழுதி வைத்த ஜேசிஎல் தொகுப்பு) எழுத்துப் பிழைகள் உட்பட, ஜாபின் வெளியீட்டைக் காட்டும் எஸ்டிஎஸ்எஃப்பில் தெரிந்துவிடும். ஜாபை உண்மையாக ஓட்டும்போது டைப்ரன்=ஸ்கேனை நீக்க மறக்காதீர்கள்.

பதில் (சோமனூர்)

மேலே உள்ளது சரி, ஆனால் ஸ்கேன் தேறியதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் தறி ஓட்டுகிறோம். பாவில் இழை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, ஊடை நூல் கையிருப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. டேட்டாசெட் (மெயின்ஃப்ரேமில் உள்ள கோப்பு) உண்மையில் உள்ளதா என்பதை ஸ்கேன் பார்ப்பதில்லை; அந்தப் பிழை ஐஇஎஃப்212ஐ என்று ஓடும் நேரத்தில்தான் வரும். ஆகவே ஏற்கனவே இருக்க வேண்டிய டேட்டாசெட் பெயர்களை ஐஎஸ்பிஎஃப்பின் 3.4 திரையில் (டேட்டாசெட் பட்டியல்) ஒருமுறை தேடிப் பாருங்கள்.

சிலர் புரோகிராம் பெயரை ஐஇஎஃப்பிஆர்14 என்று மாற்றிவிட்டு ஜாபைச் சோதிப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் புரோகிராம் எதுவும் செய்யாதுதான். ஆனால் டேட்டாசெட்டை என்ன செய்வது என்று சொல்லும் டிஸ்ப் பாராமீட்டரில் டெலீட் என்று இருந்தால், சிஸ்டம் அந்த டேட்டாசெட்டை உண்மையாகவே அழித்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. தொடர்ச்சி வரி 18-ஆம் இடத்தில் தொடங்கியிருந்தது. இடத்தைத் திருத்திய பின் ஸ்கேன் பிழையின்றி முடிந்தது. டேட்டாசெட் பெயர்களையும் 3.4-இல் பார்த்துவிட்டு, இன்றிரவு ஜாபை ஓட்டுகிறேன்.