400 மீட்டரில் கடைசி 80 மீட்டர்: கால் ஏன் கட்டிக்கொள்கிறது?

வெள்ளைக்கோடு:
200 மீட்டரை 23.5 விநாடியில் ஓடுகிற பையன், 400-ஐ 54-க்குள் முடிக்கத் திணறுகிறான். முதல் 200-ஐ 24-இல் கடக்கிறான். 320 தாண்டியதும் முழங்கால் எழும்புவதில்லை, தோள் காதுவரை ஏறிவிடுகிறது. லாக்டிக் அமிலம்தான் காரணம் என்கிறார்கள். அதைக் குறைக்க என்ன கொடுக்கலாம்?

செல்கூடம்:
கொடுப்பது இருக்கட்டும், முதலில் கணக்கைப் பாருங்கள். தசை நேரடியாகச் செலவழிப்பது ஏடிபி (ATP) என்ற ஆற்றல் மூலக்கூறை மட்டும்தான். அதன் கையிருப்பு இரண்டு மூன்று விநாடிக்குத்தான் காணும். தீரத் தீர, தசையிலேயே இருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற சேர்மம் நிரப்பிக்கொடுக்கும். முழு வேகத்தில் ஓடினால் முதல் வளைவு முடியும்போது அதுவும் பெரும்பாலும் காலி. தசையில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜன் அதுவரை கைகட்டி நிற்பதில்லை, முதல் சில அடிகளிலேயே உடையத் தொடங்கிவிடும். ஆக்சிஜன் இல்லாத வழியில் ஒரு குளுக்கோஸ் அலகுக்கு மூன்று ஏடிபிதான், ஆனால் சடசடவென்று வரும். ஆக்சிஜன் வழியில் 30 வரை கிடைக்கும், மெதுவாக. 400-க்கான ஆற்றலில் ஏறத்தாழ 40 சதவீதம் இந்த மெதுவான வழியில்தான் வருகிறது.

லாக்டேட்டை (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) திட்டாதீர்கள், இதயம் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். காலைக் கட்டுவதில் பெரிய பங்கு கூடவே சேர்ந்து அமிலத்தன்மையைக் கூட்டும் ஹைட்ரஜன் அயனிக்கும், கிரியாட்டின் பாஸ்பேட் உடைந்து மிஞ்சும் பாஸ்பேட்டுக்கும். தசையின் பிஎச் (அமில அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 7-இலிருந்து 6.5 வரை இறங்கலாம்.

விசில்:
23.5 ஓடுகிறவன் 24-இல் கடந்தால், இருப்பைப் பாதியிலேயே கொட்டிவிட்டான் என்று அர்த்தம். 24.7-இல் கடக்கட்டும். இரண்டாம் பாதி இரண்டு விநாடி கூடினாலும் 52-க்குள் முடியும்.

வாரம் ஒரு நாள் 300 மீட்டர் இரண்டு தடவை, நடுவே 12 நிமிடம். இன்னொரு நாள் 30 மீட்டர் ஸ்பிரிண்ட் ஆறு, இடையில் மூன்று நிமிட ஓய்வு. பலர் சொதப்புவது இந்த ஓய்வில்தான். 30 விநாடியில் அடுத்ததை ஓடவிட்டால் கிரியாட்டின் பாஸ்பேட் பாதிதான் திரும்பியிருக்கும். வேகப் பயிற்சி என்ற பெயரில் மூச்சிரைப்புதான் மிச்சம்.

வெள்ளைக்கோடு:
மறுநாள் தொடை வலியும் இந்த லாக்டிக் அமிலத்தால்தானா? சமையல் சோடா குடிக்கச் சொல்கிறார்களே?

செல்கூடம்:
வலி தசைநாரில் விழுந்த நுண்சேதத்தால். லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். ஓடி முடித்ததும் பொத்தென்று உட்காராமல் 10 நிமிடம் மெதுவாக ஓடினால் இன்னும் சீக்கிரம்.

சோடா ரத்தத்தில் அமிலத்தைச் சமன்செய்ய உதவுவது உண்மைதான். ஆனால் அளவு கிலோவுக்கு 0.3 கிராம், 60 கிலோ பையனுக்கு 18 கிராம். வயிறு புரட்டி, வரிசையில் நிற்பதற்குப் பதில் கழிவறையில் இருப்பான். முதலில் அந்த 24-ஐச் சரிசெய்யுங்கள்.