அரையாண்டு லீவில் வெளிநாடு போனவர்களே, அங்கே யாரைச் சந்தித்தீர்கள்?

குடவாசல்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். 2024 டிசம்பர் கடைசி வாரம். கும்பகோணத்தில் ஒன்றாகக் காலேஜ் படித்த நாலு பேர் கிளம்பினோம். ஒருவன் பள்ளி ஆசிரியர், அரையாண்டு விடுமுறையை விட்டால் அவனுக்கு வேறு வழியில்லை. எனக்கு வேறு கவலை. மாத நடுவில் கொட்டிய மழையில் சம்பா வயலில் தண்ணீர் நின்றது. வடிய வெட்டிவிட்டு, அப்பாவிடம் நூறு தடவை சொல்லிவிட்டுத்தான் திருச்சியில் விமானம் ஏறினேன்.

போன ஊர் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன். 2023 டிசம்பரிலிருந்து மலேசியா நமக்கு 30 நாள் வரை விசா கேட்பதில்லை. போய் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை ஒன்றை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். கோலாலம்பூர் வரை நாலு மணி நேரம். அங்கேயும் பள்ளி விடுமுறை இருக்கும் என்று நாலு பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த் வரை போகும் ரயிலில் ஒரு சீட் கிடையாது. பஸ்ஸில் ஊர்ந்து ஊர்ந்து நடுராத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். "வெளிநாடு, குளிரும்" என்று அம்மா பையில் திணித்த ஸ்வெட்டர், வேர்த்துக் கொட்டுகிற அந்த ஊரில் தலையணைக்குத்தான் ஆனது.

பார்த்த இடங்களை அடுக்கப் போவதில்லை. மலை ரயிலுக்கு இரண்டு மணி நேரம் வரிசை, மேலே போனால் ஒரே மேகம். கடலில் மரக்கால் நட்டுச் சீனர்கள் கட்டிய வீடுகள் பிடித்திருந்தன. சரி, சொல்ல வந்தது சூலியா தெருவில் சாப்பிட்ட ஒரு நாசி கண்டார் கடையைப் பற்றி.

நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் சுமக்கும் கம்பு. ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் குழம்பு என்று காவடி மாதிரித் தூக்கித் தமிழ் முஸ்லிம்கள் தெருத்தெருவாக விற்றதில் வந்த பெயர். நாங்கள் உட்கார்ந்ததும் அறுபது வயதிருக்கும் ஒருவர் வந்தார். "பசியாறிட்டீங்களா? தண்ணி என்ன வேணும்?"

ஆசிரியர் பதறிப்போனார். "ஐயோ பாய், எங்களுக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லீங்க!"

"தண்ணி இல்லாம எப்படிச் சாப்பிடுவீங்க?"

டீ, காபி, ஜூஸ் எல்லாமே அங்கே தண்ணிதான் என்று புரிய ஒரு நிமிஷம் ஆனது. சிரித்து முடித்துவிட்டு, "குழம்பு பஞ்சிரா?" என்றார். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளமாம். கரண்டியின் முதுகால் சோற்றை அழுத்திக் குழி பறித்தார். மீன் குழம்பு, அதன் மேல் கோழி, அதன் மேல் ஆட்டுக் குழம்பு. வரப்பு உடைந்த மாதிரி ஒரு பக்கம் சோறு சரிந்து, சிவப்பு எண்ணெய் தட்டின் ஓரத்துக்கு ஓடியது. வயலில் வெள்ளத்தை விட்டுவிட்டு வந்தவன் இங்கே கேட்டு வாங்கித் தின்றேன்.

எந்த ஊர் என்று கேட்டார். குடவாசல் தெரியவில்லை. திருவாரூருக்கும் யோசித்தார். "நாகப்பட்டினத்துக்குப் பக்கமா?" என்று அவரே முடித்தார். அவருடைய அத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி வந்தவராம். 1926இல் கட்டிய கப்பல் அது, நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கம் ஓடியது. இவர் நாகப்பட்டினத்தைப் பார்த்ததே இல்லை. "இப்பவும் கப்பல் வருதா?" என்றார். இலங்கைக்கு ஒன்று போகிறது, மழைக்காலம் என்று அதையும் நிறுத்தியிருக்கிறார்கள் என்றேன். "மழைன்னா நிறுத்தத்தான் செய்வாங்க" என்று அந்தத் துறைமுகத்துக்காரர் மாதிரியே சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

நாகூர்ப் பொண்ணு:

சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் முனையில் எங்கள் ஊர் தர்கா பெயரிலேயே ஒன்று இருக்கிறதே, பார்த்தீர்களா இல்லையா? சிங்கப்பூரிலும் தெலுக் ஆயர் தெருவில் ஒன்று உண்டு, 1828-30இல் கட்டியது. 2022 டிசம்பரில் நாங்கள் மூன்று தோழிகள் போனோம். கட்டிய காலத்தில் வாசலில் கடலாம். தூர்த்துத் தூர்த்து இப்போது கண்ணுக்கெட்டியவரை கட்டடம்தான். தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப சிங் கட்டிய எங்கள் தர்காவின் பெரிய மனாரா, அதாவது கோபுரம், 131 அடி. அதைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு இது பொம்மை மாதிரி இருந்தது, ஆனாலும் உள்ளே போனதும் தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ஆர்ச்சர்ட் ரோடு கிறிஸ்துமஸ் விளக்கெல்லாம் போட்டோவோடு சரி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் சாலையில் ஒரு தம்பி வழிமறித்து, "அக்கா, தஞ்சாவூர்ப் பக்கமா?" என்றார். பேராவூரணிக்காரர், கட்டட வேலை, ஊருக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறதாம். போனில் ஒரு படம் காட்டினார்: தளம் போட்டு, பூசாமல் நிற்கிற வீடு. "செங்கல் இப்ப என்னக்கா விலை? வீட்டுல கேட்டா சரியா சொல்ல மாட்டேங்கிறாங்க."

எங்கள் மூவருக்குமே தெரியவில்லை.

மாயவரம் மாமா:

எல்லாரும் இவ்வளவு செலவு பண்ணிப் போய் நம்ம ஊரையேதான் தேடுகிறீர்கள். அதனாலேயே நாங்கள் 2019இல் பாங்காக் போனோம், தமிழ்ச் சத்தமே கேட்கக் கூடாதென்று. அங்கே ஒரு ராட்சத ஊஞ்சல், இப்போது சிவப்புத் தூண்கள் மட்டும் நிற்கின்றன, ஆட்டத்தை 1935லேயே நிறுத்திவிட்டார்கள். பக்கத்துக் கோயிலில் வெள்ளை உடுத்திக் கொண்டை போட்ட ஒருவர், எங்கள் நெற்றியைப் பார்த்துவிட்டு, "திரியம்பவாய்" என்றார். மார்கழித் திருவெம்பாவை! அந்த ஊஞ்சல் விழாவுக்கே அதுதான் பெயராம். நண்பர் உற்சாகமாகி முதல் பாட்டை எடுத்துவிட, அவர் மரியாதைக்கு ஒரு வரி கேட்டுவிட்டுச் செருப்பைத் தள்ளி வைக்கச் சொன்னார்.

குடவாசல்காரன்:

தர்காவுக்குப் போனோம் அக்கா. நடை இரண்டே நிமிஷம்தான், அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் ஒதுங்கி நின்றபோது அப்பா போன். எடுத்ததும் அவர் சொன்னது, "தண்ணி வடிஞ்சிருச்சு. பேசாம சுத்திப் பாத்துட்டு வா."